இன அழிப்பை மறுத்து நிற்கும் மனிதர்கள்: அறிவியல் புனைகதை எழுதத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

விண்வெளிப் போரைக் களமாக வைத்து முதல் கதையை எழுத உட்காரும் பலரும் ஏறக்குறைய ஒரே முடிவைத்தான் எழுதுகிறார்கள். வேற்றுக்கோள் இனம் ஒன்று பூமியைத் தாக்குகிறது, நாயகன் ஒரு பொத்தானை அழுத்துகிறான், அந்த இனம் முழுவதும் அழிகிறது, மக்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். எழுதியவர் யாரையும் வெறுக்காத நல்ல மனிதராகவே இருப்பார். ஆனாலும் அவர் எழுதி முடித்திருப்பது, குழந்தைகள் உட்பட ஓர் இனத்தையே துடைத்தெறிவதுதான் அமைதிக்கு வழி என்று சொல்லும் கதை.

நிஜ உலகில் இன அழிப்பை நடத்தியவர்கள் ஒவ்வொருவரும் முதலில் ஒரு பொய்யைப் பரப்ப வேண்டியிருந்தது: அவர்கள் நம்மைப் போன்றவர்கள் அல்லர், அவர்களை விட்டுவைத்தால் நாம் மிஞ்ச மாட்டோம் என்ற பொய். அறிவியல் புனைகதை எழுதுபவருக்கோ அந்தப் பொய்யை ஒற்றை வரியில் உண்மையாக்கிவிடும் அதிகாரம் இருக்கிறது. 'இவை பிறவியிலேயே கொடியவை, பேச்சுவார்த்தை என்பதே இவற்றுக்குத் தெரியாது' என்று அவர் எழுதிவிட்டால், அந்தக் கதையுலகில் அதுவே உயிரியல் உண்மை. அதன்பின் அந்த உலகில் எதிர்த்து நிற்க வரும் பாத்திரம் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், வாசகரின் கண்ணுக்கு விவரம் தெரியாத அப்பாவியாகவே தோன்றும். ஆகையால் இந்த வகைக் கதையில் அறம் சார்ந்த எதிர்ப்பு நாயகனின் வசனத்தில் பிறப்பதில்லை. உலகை வடிவமைக்கும் முதல் பக்கத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கியாக வேண்டும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே அமைத்திருக்கிறேன்.

முதல் படி: எதிர் இனத்தைப் படைப்பது

1994இல் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில், ஹூட்டு இனத் தீவிரவாதிகளின் ஆர்.டி.எல்.எம். வானொலி சிறுபான்மையினரான துட்சி மக்களைக் கரப்பான் பூச்சிகள் என்று நாள்தோறும் அழைத்தது. அந்த ஒலிபரப்புகளோடு சேர்ந்து நடந்த கொலைகள் ஏறத்தாழ நூறு நாள்கள் நீடித்தன. பூச்சி வடிவ வேற்றுக்கோள் வாசிகளைப் படைக்க விரும்புபவர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். பூச்சி வடிவமே கூடாது என்று நான் சொல்லவில்லை. உடல் எவ்வளவு அந்நியமாக இருந்தாலும், உள்ளே ஒருவர் இருக்கிறார் என்பதை வாசகர் உணரும் இடம் கதையில் இருக்க வேண்டும்.

இதற்கான நடைமுறை வழி எளிது. எதிர் இனத்தில் குறைந்தது மூன்று பேரை, ஒருவரோடொருவர் உடன்படாதவர்களாக, குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். போரை விரும்பும் தளபதி ஒருவர், போரால் பிள்ளையை இழந்து சோர்ந்தவர் ஒருவர், போரைப் பற்றிக் கவலையே இல்லாமல் தன் தொழிலைப் பார்ப்பவர் ஒருவர் என்று வைத்துக்கொண்டால் போதும். கதையில் அவர்களில் ஒருவர்தான் வரக்கூடும். மற்ற இருவரும் உங்கள் மனத்தில் இருப்பதாலேயே அந்த இனம் ஒரே அச்சில் வார்த்த கூட்டமாகச் சுருங்காமல் இருக்கும். அதே வேளையில் அவர்களைத் தேவதைகளாகவும் ஆக்கிவிடாதீர்கள். பாட்டும் பரிவும் தவிர வேறொன்றும் அறியாத சாந்த இனம் என்று எழுதினால், நல்லவர்களாக இருப்பதால்தான் அவர்களைக் கொல்லக்கூடாது என்றாகிவிடும். பொறாமையும் பிடிவாதமும் உள்ள ஓர் இனத்துக்கும் வாழும் உரிமை அதே அளவில் உண்டு.

தமிழில் எழுதுபவருக்கு இங்கே ஒரு கூடுதல் கருவி கிடைத்திருக்கிறது, கூடுதல் பொறுப்பும்தான். நம் மொழியின் வினைமுற்றே ஒருவரை உயர்திணையிலோ அஃறிணையிலோ நிறுத்திவிடுகிறது. வேற்றுக்கோளின் தூதர் கப்பலுக்குள் 'வந்தது' என்று எழுதுவதா, 'வந்தார்' என்று எழுதுவதா என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவு செய்தே தீர வேண்டும். கதைசொல்லியின் குரல் எந்தத் திணையைப் பின்பற்றும், எந்தப் பாத்திரம் எந்தத் திணையில் பேசும் என்று எழுதத் தொடங்கும் முன்பே தீர்மானியுங்கள். முழுக் கதையிலும் 'அதுகளை அடைச்சாச்சா?' என்று கேட்டுப் பழகிய காவலாளி ஒருவர், ஒரு கட்டத்தில் தன்னை அறியாமலே 'அவங்களுக்குத் தண்ணி குடுத்தாச்சா?' என்று கேட்பாரானால், மனமாற்றத்தைப் பற்றி ஒரு பத்தி விளக்கம் எழுத வேண்டிய தேவையே இல்லை. அந்த இடத்தில் கதைசொல்லி குறுக்கிட்டு வாசகருக்குச் சுட்டிக்காட்டவும் கூடாது.

இரண்டாம் படி: கருத்தியலை அறிவுள்ளவர் வாயில் வைப்பது

புதிதாக எழுதுபவர்களின் வில்லன் உரக்கச் சிரிக்கிறான், மேசையைக் குத்துகிறான். வரலாறு காட்டும் முகம் வேறு. 1942 ஜனவரி 20 அன்று பெர்லினை ஒட்டிய வான்சே ஏரிக்கரை மாளிகை ஒன்றில் ஐரோப்பிய யூதர்களின் அழிப்பை ஒருங்கிணைப்பதற்காகக் கூடிய நாஜி ஆட்சியின் அதிகாரிகள் 15 பேரில் 8 பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். கூட்டம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. கூட்டக் குறிப்பில் கொலை என்ற சொல்லுக்குப் பதிலாகக் 'கிழக்கே வெளியேற்றுதல்' போன்ற அலுவலக மொழியே நிறைந்திருக்கிறது.

ஆகவே உங்கள் கதையில் இந்தக் கருத்தியலைப் பேசுபவர் அமைதியானவராக, படித்தவராக, தன் மக்கள் மீது உண்மையான அக்கறை கொண்டவராகவும்கூட இருக்கட்டும். அவருடைய வாதத்தில் மூன்று இழைகள் இருக்கும்: பழைய காயம் ஒன்று, வரப்போகும் ஆபத்து ஒன்று, அறிவியலின் பெயரால் சொல்லப்படும் தரவரிசை ஒன்று. காயம் உண்மையாகவே நடந்ததாக இருக்கலாம். ஆபத்திலும் ஓரளவு உண்மை இருக்கலாம். அந்த இரண்டிலிருந்தும் மூன்றாவதற்குத் தாவும் இடத்தில்தான் பொய் நுழைகிறது. அந்தத் தாவலை வாசகர் தானாகக் கண்டுபிடிக்கும்படி எழுதுங்கள். கண்டுபிடிக்கும் முன்பு ஒரு கணம் அவர் தலையசைத்துவிட்டாலும் தவறில்லை. தான் தலையசைத்ததை உணர்ந்து அவர் பின்வாங்குவதே கதை அவருக்குள் செய்ய வேண்டிய வேலை.

இன அழிப்பு என்றால் கொலை மட்டும்தான் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு ஐந்து செயல்களைக் குறிப்பிடுகிறது: குழுவினரைக் கொல்லுதல், உடலுக்கோ மனத்துக்கோ கடுமையான தீங்கு விளைவித்தல், அழிவைத் தரக்கூடிய வாழ்நிலைகளைத் திட்டமிட்டுச் சுமத்துதல், பிறப்புகளைத் தடுத்தல், குழந்தைகளை வேறொரு குழுவுக்கு வலுக்கட்டாயமாக மாற்றுதல். இவற்றை ஒரு குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்தால் அது இன அழிப்பு. காற்றையும் நீரையும் எந்திரங்கள் பங்கிடும் விண்நிலையம் ஒன்றில் மூன்றாவது செயலுக்குத் துப்பாக்கியே தேவைப்படாது என்பதை எண்ணிப் பாருங்கள். குழந்தைகளைத் தனிக் கப்பலில் ஏற்றி 'நல்ல கல்வி' தருவதாகச் சொல்லும் ஒரு திட்டமும் ஐந்தாவதற்குள் அடங்கிவிடக்கூடும்.

மூன்றாம் படி: பட்டியலையும் படிவத்தையும் காட்டுவது

இந்தப் படியில்தான் அறிவியல் புனைகதைக்கு மற்ற எந்த இலக்கிய வகையையும்விட அதிகம் சொல்ல இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஓர் இனத்தை அழிக்க முதலில் அவர்கள் யார் யார், எங்கே இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அதற்குப் பதிவேடு வேண்டும், அட்டை வேண்டும், அதைப் படிக்கும் எந்திரம் வேண்டும். ருவாண்டாவில் பெல்ஜிய ஆட்சி 1930களில் கொண்டுவந்த, இனப்பெயர் குறித்த அடையாள அட்டைகள் 1994இல் சாலைத் தடுப்புகளில் உயிரைத் தீர்மானித்தன. கொழும்பில் 1983 ஜூலையில் கும்பல்கள் வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றன. அதே தெருக்களில் சிங்கள அயலவர்கள் தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் வீடுகளுக்குள் மறைத்துக் காப்பாற்றியதும் நடந்தது.

பட்டியல் இருக்கும் இடத்தில்தான் எதிர்ப்பும் நடந்திருக்கிறது. நாஜிகளின் பிடியிலிருந்த பிரான்சில் தேசியப் புள்ளிவிவரத் துறையின் தலைவராக இருந்த ரெனே கார்மில், அட்டைத் துளைகளில் பதிந்த தகவலைப் படித்துக் கணக்கிடும் துளையட்டை எந்திரங்களை நன்கு அறிந்தவர். யூதர்களைப் பற்றிய கணக்கெடுப்பு வேலையைத் தன் துறையே செய்து தருவதாக வாங்கிக்கொண்டு, அதை முடிக்காமல் காலம் தாழ்த்தினார். 1944 பிப்ரவரியில் லியோன் நகரில் அவரைக் கைது செய்தார்கள். 1945 ஜனவரியில் நாஜிகளின் டாகாவ் வதைமுகாமில் இறந்தார். நாஜிகளின் பிடியிலிருந்த ஆம்ஸ்டர்டாமில் போலி அடையாள அட்டைகளோடு தலைமறைவாக இருந்தவர்களை, நகராட்சிப் பதிவகத்தின் மூல அட்டையோடு ஒப்பிட்டுப் பிடித்துவிட முடிந்தது. 1943 மார்ச் 27 இரவு, ஓவியர் வில்லெம் அரோண்டேயஸ் உள்ளிட்ட குழுவினர் காவலர் சீருடையில் அந்தப் பதிவகத்துக்குள் நுழைந்து வெடிவைத்தார்கள். தீயணைக்க வந்தவர்கள் மெதுவாக வந்ததோடு, தேவைக்கு மேல் தண்ணீரைப் பாய்ச்சி அட்டைகளை நனைத்தார்கள். அரோண்டேயசும் தோழர்கள் பலரும் அதே ஆண்டு ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அந்தத் தீயணைப்பு வீரர்களைக் கொஞ்ச நேரம் நினைத்துப் பாருங்கள். அவர்கள் எந்த உரையும் ஆற்றவில்லை. தங்கள் வேலையைத்தான் செய்தார்கள். அதை எப்படிச் செய்வது என்பதில் இருந்த சிறு இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டார்கள். உங்கள் கதையுலகின் எந்திர அமைப்பை வரையும்போது இப்படிப்பட்ட இடைவெளிகள் எங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். மரபணுத் தரவுத்தளத்தை இரவுப் பணியில் பராமரிப்பவர் யார்? வகைப்படுத்தும் செயற்கை நுண்ணறிவுக்கு மாதிரிகளைத் தேர்ந்து தருபவர் யார்? காற்றழுத்தக் கதவைத் திறக்கும் கட்டளைக்கு இரண்டாம் கையொப்பம் இடுபவர் யார்? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்தால் உங்கள் நாயகர் யார் என்பதும் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

நான்காம் படி: மறுப்பை ஒரு செயலாக எழுதுவது

கட்டளையை மறுத்தால் மறுகணமே சுட்டுவிடுவார்கள் என்று பல கதைகள் சொல்கின்றன. 1942 ஜூலை 13 அன்று போலந்தின் யோசெஃபுவ் கிராமத்தில் நடந்தது வேறு. அங்கிருந்த யூதர்களைச் சுட்டுக் கொல்லும்படி கட்டளை பெற்ற, ஜெர்மனியின் 101ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியனின் தளபதி வில்ஹெல்ம் டிராப், இந்த வேலையைச் செய்ய இயலாத மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று அணிவகுப்பிலேயே சொன்னார். ஏறத்தாழ 500 பேரில் அந்த நேரத்தில் முன்வந்து விலகியவர்கள் சுமார் ஒரு டஜன் பேர்தான். வேறு சிலர் சுடத் தொடங்கிய பின் விலகினார்கள். விலகியவர்களைக் கொல்லவில்லை. மற்றவர்களை நிறுத்திவைத்தது பெரும்பாலும் தோழர்கள் முன் கோழையாகத் தெரிந்துவிடுவோமோ என்ற கூச்சம்தான் என்பது பின்னர் அவர்களுடைய வாக்குமூலங்களை ஆராய்ந்தவர்களின் முடிவு.

கதை எழுதுபவருக்கு இது மிகவும் பயனுள்ள செய்தி. துப்பாக்கி முனையில் பணியும் பாத்திரத்தைவிட, பக்கத்தில் நிற்பவர் என்ன நினைப்பாரோ என்று பணியும் பாத்திரம் வாசகருக்கு நெருக்கமானது. அந்தக் கூச்சத்தை மீறி ஓர் அடி முன்னே எடுத்துவைப்பவரின் செயலும் அதனால்தான் கனம் பெறுகிறது. எனவே எதிர்ப்பாளரைச் சுற்றி ஒரு சிறு குழுவை அமையுங்கள்: சேர்ந்து உண்பவர்கள், கடன் கொடுத்தவர்கள், உயிரைக் காப்பாற்றியவர்கள். அவர்களிடமிருந்து பிரிவதுதான் அவருக்குப் பெரிய விலை.

மறுக்கும் கணத்தில் பெரிய வசனத்தைத் தவிர்ப்பது நல்லது. ஒரு காட்சியை இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன். விண்நிலையம் ஒன்றில் ஆக்சிஜன் ஒதுக்கீட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் எழுத்தர், ஓர் இனத்தாரின் ஒதுக்கீட்டைப் பாதியாகக் குறைக்கும் ஆணையைப் பெறுகிறார். முதல் வடிவம் இது:

"இது மாபெரும் அநியாயம்! வரலாறு உங்களை மன்னிக்காது!" என்று அவள் முழங்கினாள்.

இரண்டாம் வடிவம் இது:

"ஆணையில எட்டாம் பத்தியில அளவு போடலை, சார். திருப்பி அனுப்பிட்டேன்."
"எப்ப?"
"காலையிலயே. மேலிடத்துலேர்ந்து திரும்பி வர ஆறு நாள் ஆகும்."
அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் அடுத்த கோப்பை எடுத்தாள்.

இரண்டாவதில் அவள் என்ன செய்தாள், அதனால் எத்தனை நாள் மூச்சு மிஞ்சியது, மேலதிகாரிக்குப் புரிந்துவிட்டதா என்பவை எல்லாம் வாசகரின் கைக்கு வந்துவிடுகின்றன. ஆறு நாள் கழித்து என்ன செய்வாள் என்ற கேள்வியும் கதையை நகர்த்துகிறது. அதற்காக வெளிப்படையான எதிர்ப்புக்கு இடமே இல்லை என்று கொள்ள வேண்டாம். 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர் ஓட்டி ஹியூ தாம்சன், கிராமத்தவருக்கும் தன் நாட்டுப் படைவீரர்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கி, அவர்கள் மக்களைச் சுட்டால் அவர்களையே சுடும்படி தன் குழுவினரிடம் சொன்னார். அதுவும் நடந்ததுதான். எந்த வகை எதிர்ப்பு என்பதை உங்கள் பாத்திரம் நிற்கும் இடமும், கையில் இருக்கும் கருவியும் தீர்மானிக்கட்டும்.

ஐந்தாம் படி: அழிப்பவரை அழிப்பதா என்ற கேள்வியைச் சந்திப்பது

எழுதிக்கொண்டே போனால் இந்தக் கேள்வி தானாக வந்து நிற்கும். இதை நேருக்கு நேர் எடுத்துக்கொண்ட படைப்புகளில், பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1975இல் ஒளிபரப்பான 'ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்' என்ற ஆறு பகுதிக் கதை கூர்ந்து பார்க்கத்தக்கது. நெடுங்காலப் போரில் சிதைந்துபோன ஒரு கோளில், டாவ்ரோஸ் என்ற அறிவியலாளர் இரக்கம் நீக்கப்பட்ட டாலெக் என்னும் உயிர்களை உருவாக்குகிறார். அவை பிற்காலத்தில் கோடிக்கணக்கான உயிர்களைக் கொல்லப்போகின்றன என்று தெரிந்த நாயகர், அவற்றின் வளர்ப்புக் கூடத்தில் வெடிமருந்தை வைத்துவிட்டு இரண்டு கம்பி முனைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தொட்டால் போதும். தோழி வற்புறுத்துகிறாள். ஒரு முழு இனத்தை இப்படி முடித்துவிட்டால் தானும் அவற்றைவிட மேலானவனாக இருக்க முடியுமா என்று கேட்டு அவர் தயங்குகிறார்.

பெரும்பாலோர் நினைவில் நிற்பது இந்தக் காட்சிதான். நான் புதியவர்களைப் பார்க்கச் சொல்வது கார்மன் என்ற துணைப்பாத்திரத்தை. அவர் டாவ்ரோஸின் கீழ் வேலை பார்க்கும் அறிவியலாளர். உருவாகும் உயிர்களுக்கு மனச்சாட்சியைத் திருப்பித் தர வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. சக ஊழியர்களைத் திரட்டி அதை டாவ்ரோஸிடமே வைக்கிறார். டாவ்ரோஸ் இணங்குவதுபோல் நடித்து, வாக்கெடுப்புக்குக் காலம் கேட்டு, அந்த இடைவெளியில் டாலெக்குகளை வரவழைத்து அவர்களைக் கொல்கிறார். கார்மன் ஏமாந்தவர், தோற்றவர். ஆனாலும் அந்த அழிவை உருவாக்கிய கூடத்தின் உள்ளேயிருந்து அதை நிறுத்த முயன்றவர். கம்பியைப் பிடித்து நின்றவர் கேள்வி கேட்டார். கார்மன் தன் உயிரை வைத்துப் பதில் சொன்னார். கடைசியில் தன் படைப்புகளிடமே இரக்கம் காட்டச் சொல்லிக் கெஞ்சும் டாவ்ரோஸுக்கு, இரக்கம் என்ற சொல்லே தங்களுக்குத் தெரியாது என்று பதில் கிடைக்கிறது. கருத்தியல் தன்னைப் படைத்தவரையே எப்படி முடிக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான காட்சி கடினம்.

இந்தக் கதையில் எனக்கு உடன்பாடில்லாத இடமும் ஒன்று உண்டு. நாயகர் தயங்கி நிற்கும் வேளையில் நல்ல செய்தி ஒன்று வந்து அவரை விடுவிக்கிறது. பின்னர் அவர் மனம் மாறித் திரும்பி வரும்போது டாலெக் ஒன்றே கம்பிகளின் மேல் ஏறி வெடிப்பை நிகழ்த்திவிடுகிறது. முடிவெடுக்கும் பாரத்தைத் தற்செயல் ஏற்றுக்கொள்கிறது. உங்கள் கதையில் கேள்வியை எழுப்பினால், பாத்திரத்தைப் பதில் சொல்லவும் வையுங்கள். தாக்க வருபவரைத் தடுத்து நிறுத்துவதும் ஓர் இனத்தின் தொட்டில்களை வெடிக்க வைப்பதும் ஒன்றல்ல. கப்பலை முடக்கலாம், ஆயுதக் கிடங்கைத் தகர்க்கலாம், கட்டளையிடுபவரைச் சிறைபிடிக்கலாம். இவற்றில் எது முடியும், எது முடியாது என்று பாத்திரம் தேடித் தவிப்பதையே கதையின் நடுப்பகுதியாக்கலாம்.

ஆறாம் படி: தாக்கப்படுபவர்களுக்குக் குரல் தருவது

மனச்சாட்சி உள்ள ஆட்சியாளர் இனத்து நாயகரை மட்டும் வைத்து எழுதினால், அழிக்கப்படுபவர்கள் காப்பாற்றப்படக் காத்திருக்கும் பின்னணிக் கூட்டமாகிவிடுவார்கள். போலந்தின் வார்சா நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ பகுதியில் வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கெல்பிளம் தலைமையில் இயங்கிய மறைமுகக் குழு, நாட்குறிப்புகள், அறிவிப்புகள், பள்ளிக் கட்டுரைகள், மிட்டாய்த் தாள்கள் வரை சேகரித்து உலோகப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் வைத்துப் புதைத்தது. ரிங்கெல்பிளம் 1944இல் கொல்லப்பட்டார். புதைத்தவற்றின் இரு பகுதிகள் 1946இலும் 1950இலும் தோண்டி எடுக்கப்பட்டன. தங்களைப் பற்றிய சாட்சியைத் தங்களை வெறுத்தவர்களின் கையில் விட்டுவிட மறுத்ததும் எதிர்ப்புதான். விண்வெளிக் கதையில் இதன் வடிவம் என்னவாக இருக்கும் என்று யோசியுங்கள்: யார் பதிவு செய்கிறார்கள், எதில், எங்கே அனுப்புகிறார்கள், எத்தனை ஆண்டுகள் கழித்து யாருக்குக் கிடைக்கிறது.

ருவாண்டாவின் நியாங்கே பள்ளியில் 1997 மார்ச்சில் ஆயுதக் குழுவினர் நுழைந்து மாணவர்களை ஹூட்டு, துட்சி என்று பிரிந்து நிற்கச் சொன்னபோது அவர்கள் பிரிய மறுத்தார்கள்; தாங்கள் அனைவரும் ருவாண்டர்கள் என்றார்கள். மறுத்ததற்காகப் பல மாணவர்கள் கொல்லப்பட்டனர். பிரிப்பவர், பிரிக்கப்படுபவர் என்ற கோட்டையே ஏற்காத இந்த வகை எதிர்ப்பை அறிவியல் புனைகதையில் நான் அரிதாகவே காண்கிறேன். எழுதப்பட வேண்டிய கதைகள் இங்கே நிறைய இருக்கின்றன.

ஏழாம் படி: முடிவும் திருத்தமும்

வெடிப்போடு முடிக்காதீர்கள். சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் காவல்துறைத் தலைவர் பால் குரூனிங்கர், ஆஸ்திரியாவிலிருந்து தப்பி வந்த யூத அகதிகளின் ஆவணங்களில், எல்லை மூடப்படுவதற்கு முன்பே வந்துவிட்டதுபோல் முன்தேதியிட்டு அவர்களை உள்ளே விட்டார். 1939இல் வேலையை இழந்தார், ஓய்வூதியத்தையும் இழந்தார், 1972இல் வறுமையில் இறந்தார். நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது 1995இல்தான். உங்கள் எழுத்தர் போருக்குப் பின் என்ன ஆனார், அவரது மேலதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்ததா, தப்பியவர்கள் திரும்பி வந்தபோது அவர்கள் குடியிருப்பில் யார் இருந்தார்கள் என்பவற்றில் ஒன்றையாவது எழுதுங்கள்.

முதல் வரைவு முடிந்ததும் சில நாள் விட்டுவிட்டு, கதைசொல்லியின் வாக்கியங்களை மட்டும் தனியே படியுங்கள். 'மொய்த்தன', 'பெருகின', 'கூட்டம் கூட்டமாக' போன்ற சொற்களை எதிர் இனத்துக்கு மட்டும் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பாத்திரத்தின் வெறுப்பு உங்கள் குரலுக்குள் கசிந்த இடங்கள் அவை. பிறகு வில்லனின் வாதத்தை மட்டும் தனியாக எடுத்து, கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் அதை முழுவதுமாக ஏற்றுக்கொண்டால், பொய் நுழையும் இடம் இன்னும் புலப்படவில்லை. சிரித்துத் தள்ளினால், அந்த வாதத்தை நம்பி ஒரு சமூகமே நடந்திருக்கும் என்பதை வாசகர் நம்ப மாட்டார். இனக் கலவரத்தையோ போரையோ கடந்து வந்தவர் ஒருவர் படித்துப் பார்க்க இசைந்தால், அவர் நிறுத்திக் கேட்கும் ஒவ்வொரு இடத்தையும் வாதாடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் முயற்சிக்கு நாவல் வேண்டாம். ஒரே அறை, இரண்டு பேர், ஒரு படிவம் என்று ஐந்தாறு பக்கங்களில் எழுதிப் பாருங்கள். படிவத்தில் என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன என்பதை முதலில் தாளில் வரைந்துகொண்டு, நிரப்பாமல் விடப்படப் போகும் கட்டம் எது என்று முடிவு செய்தபின் முதல் வாக்கியத்தைத் தொடங்குங்கள்.